ஆயா பாட்டு கம்ப்யூட்டருக்குப் போனது எப்படி?

உங்க வீட்டுப் பரண்மேல பழைய கேசட் இருந்தா தூக்கிப் போடாதீங்க. 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்த கேசட் இது. உள்ளே பிளாஸ்டிக் நாடா. அதன்மேல் பூசிய இரும்பு ஆக்சைடு தூளில்தான் குரல் காந்தமாகப் பதிகிறது. நாளாக ஆக காந்தம் குறையும், பூஞ்சையும் பிடிக்கும்.

ஒரகடம் பக்கம் எங்க ஆயா நடவு நடும்போது பாடியதை மாமா 1995-இல் பதிவு செய்தார். அந்த வயலில் இப்போ கம்பெனி இருக்கு. ஆயாவும் இல்லை. இருப்பது ஒரே கேசட்.

முதலில் டேப்ரிக்கார்டர் ஹெட்டைச் சுத்தம் செய்யணும். செல்போன் ரிப்பேர் கடையில் வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். பிறகு அதன் ஹெட்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள நீல ஓட்டைக்கு ஒயர் கொடுக்கணும். ரோஸ் ஓட்டை மைக்குக்கு உரியது. நான் தெரியாமல் அதில் செருகி, ஆயா குரல் தகர டப்பா மாதிரி கரகரத்தது. (நீல ஓட்டை இல்லாத லேப்டாப்புக்கு யுஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கணும்.)

பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேர் இருக்கு. திரையில் அலை உச்சியைத் தொட்டால் சத்தத்தைக் குறைக்கணும். 60 நிமிஷக் கேசட்டுக்கு முழுசா 60 நிமிஷம் உட்காரணும், வேற வழியில்லை! வேவ் கோப்பாக வைத்தால் சுமார் 600 எம்பி வரும், எம்பி3 ஆக்கினால் 60 எம்பி போல.

இரைச்சலை நீக்கும் வசதியும் அதில் உண்டு. ஒரே சீராக வரும் சத்தத்தை அது இரைச்சல் என்று எடுத்துவிடும். நான் நீக்கினதில் பம்ப்செட் தண்ணி கொட்டும் சத்தமும் சேர்ந்து போயிடுச்சு. நல்லவேளை, முதல் பதிவை அழிக்கவில்லை.

அம்மா அதைத்தான் கேட்கிறாங்க, தண்ணிச் சத்தத்தோட.