மலைவழி மின்சார மிதிவண்டி: எந்த மோட்டார் ஏற்றது?

சாதாரண மிதிவண்டி வாங்கப் போகிறவர் சட்டத்தைப் பார்ப்பார். சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் உண்டா என்று பார்ப்பார். பிரேக்கை அழுத்திப் பார்ப்பார். மின்சார மிதிவண்டியில் இச்சோதனைகள் மட்டும் போதா. மலைவழிக்கென்று செய்யப்படும் வண்டிகளில் விலையின் பெரும்பகுதி மோட்டாருக்கும் பாட்டரிக்குமே போகிறது. வண்டி பயன்படுவதும் பாழாவதும் அவற்றைப் பொறுத்தே. மலைத்தோட்டம் உள்ள அங்கத்தினர் சிலரும், மேட்டூர்களிலிருந்து சங்கத்துக்கு வந்து போகும் நெசவாளர் சிலரும் இவ்வண்டிகளைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கின்றனர். முப்பதாயிரம் ரூபாய்க்கும் இவ்வகை வண்டி கிடைக்கிறது. பல லட்சத்துக்கும் கிடைக்கிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை அறியாமல் பணம் கொடுத்தல் ஆகாது.

முதலில், செய்ய வேண்டிய வேலையைக் கணக்கிட்டுக் கொள்வோம். ஆளும் வண்டியும் கைச்சுமையும் சேர்ந்து 100 கிலோகிராம் எனக் கொள்க. நூறு அடிக்குப் பத்து அடி உயரும் ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கு, எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 270 வாட் வேண்டும். மண்தடத்தின் உரசலையும் சேர்த்தால் 300 வாட்டுக்கு வந்துவிடும். நாள்தோறும் உழைத்துப் பழகிய கால்களும் ஒரு மணி நேரம் ஓயாமல் தரக்கூடியது 100 முதல் 150 வாட் வரைதான். எஞ்சிய பாதியை மோட்டார் ஏற்க வேண்டும். நடக்கும் வேகத்தில், கல்லும் வேரும் நிறைந்த பாதையில், நெடுநேரம் அதை ஏற்க வேண்டும் என்பதே இங்குள்ள சிக்கல்.

மோட்டார் வைக்கும் முறை இருவகைப்படும். ஒன்று, சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டாரை அமைப்பது. மற்றது, பெடல் பொருந்தியுள்ள கிராங்க் அச்சைச் சுற்றி, வண்டியின் நடுவில் அமைப்பது. முன்னதைக் குடமோட்டார் என்றும் பின்னதை நடுமோட்டார் என்றும் வழங்குவோம்.

குடமோட்டார் சக்கரத்தை நேராகச் சுழற்றுகிறது. வண்டியின் கியர்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலைவண்டியின் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.3 மீட்டர் செல்லும். ஆகவே மணிக்கு 25 கிலோமீட்டரில் அது நிமிடத்துக்கு 180 சுற்றுச் சுற்றும். செங்குத்தான ஏற்றத்தில் 6 கிலோமீட்டராகக் குறைந்தால் 43 சுற்றுதான் சுற்றும். நிமிடத்துக்கு 180 சுற்றில் நன்கு உழைக்குமாறு செய்த மோட்டாரை 43 சுற்றில் முக்கவிட்டால் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகிறது. பம்புசெட்டு அடைத்துக்கொண்டு சுழலாமல் நிற்கும்போது அதன் உடல் எப்படிச் சுடுகிறது என்பதை விவசாயி அறிவார். குடமோட்டார்கள் பலவற்றின் உள்ளே சிறு பல்சக்கரங்கள் உண்டு. அவை பெரும்பாலும் நைலானால் ஆனவை. நீடித்த சூட்டில் முதலில் தேய்வன அவையே.

நடுமோட்டாரோ தன் விசையைச் செயின் வழியாகவே பின்சக்கரத்துக்கு அனுப்புகிறது. முன்னே 32 பற்களும் பின்னே 51 பற்களும் உள்ள சக்கரங்களில் செயின் ஓடும்போது, கிராங்க் நிமிடத்துக்கு 70 சுற்றுச் சுற்றினாலும் வண்டி மணிக்கு 6 கிலோமீட்டரில்தான் ஊரும். மோட்டார் தனக்கு இயல்பான வேகத்தில் சுழல, சக்கரம் மட்டும் மெதுவாகவும் வலிவாகவும் சுழல்கிறது. பின்னே 12 பல் சக்கரத்துக்கு மாற்றினால் அதே 70 சுற்றில் வண்டி 25 கிலோமீட்டரை எட்டும். முறுக்குவிசையைப் பார்த்தாலும் இதே கதைதான். நடுமோட்டாரின் 85 நியூட்டன் மீட்டர் மேற்சொன்ன கீழ்க்கியரில் பின்சக்கரத்தில் 135 ஆகப் பெருகுகிறது. 85 நியூட்டன் மீட்டர் என்பது, ஒரு மீட்டர் கோலைத் திருகுசாவியாகக் கொண்டு அதன் நுனியில் எட்டே முக்கால் கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். குடமோட்டாருக்கு 40 என்று எழுதியிருந்தால் சக்கரத்திலும் 40தான்.

மலைக்கு நடுமோட்டாரே என்பது என் முடிவு. எனினும் அதற்குரிய விலையையும் சொல்லத்தான் வேண்டும். மனிதனின் விசையும் மோட்டாரின் விசையும் ஒரே செயினில் ஏறுவதால் செயினும் பல்சக்கரங்களும் விரைவில் தேய்கின்றன. ஏற்றத்தில் முழு அழுத்தத்தோடு மிதித்துக்கொண்டே கியரை மாற்றுபவர் மாதம் ஒரு செயின் வாங்க நேரிட்டால் வியப்பில்லை. செயின் அறுந்துவிட்டால் மோட்டாராலும் பயனில்லை. குடமோட்டார் அந்நிலையிலும் வீடு கொண்டுவந்து சேர்க்கும். சமவெளியில் பாவுநூல் மூட்டையோடு தார்ச்சாலையில் செல்பவருக்குக் குடமோட்டாரே போதும், வீண்செலவு வேண்டுவதில்லை. ஆனால் பின்சக்கரம் பஞ்சரானால் மின்கம்பியையும் கழற்றிச் சக்கரத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவிற் கொள்க.

நிற்க. மோட்டாரைவிட நுட்பமான உறுப்பொன்று உண்டு, அதுவே உணர்கருவி. மலிவான வண்டிகளில் அது பெடல் சுழல்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. சுழன்றால் மோட்டார் ஓடும், நின்றால் நிற்கும். சமதளத்தில் இதனால் குறையொன்றுமில்லை. பாறை விளிம்பில் பெடலைச் சற்றே அசைத்த அளவில் வண்டி திடுமெனப் பாயுமானால், ஓட்டுபவர் பள்ளத்தில் கிடப்பார். உயர்ந்த வண்டிகளில் பெடலின் மீதுள்ள அழுத்தத்தையே கருவி அளக்கிறது. மெல்ல மிதித்தால் மெல்லவும், வலிந்து மிதித்தால் வலிந்தும் மோட்டார் உதவுகிறது. தறியின் மிதியை அழுத்தும் அளவறிந்த காலுக்கு இது உடனே பிடிபடும். ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பாஸ்’ என்னும் வண்டி இம்முறைக்கு முன்னோடி. மலைவண்டி வாங்குபவர் வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் இதனை விட்டுக்கொடுத்தல் ஆகாது.

இனி, பெயர்பெற்ற நடுமோட்டார்களை நோக்குவோம். ஜெர்மனியின் பாஷ் 2019இல் அறிமுகம் செய்த ‘பெர்பாமன்ஸ் லைன் சி.எக்ஸ்.’ 2.9 கிலோ எடையுள்ளது. பின்னர் 85 நியூட்டன் மீட்டராக உயர்த்தப்பட்டது. ஜப்பானின் ஷிமானோ 2020இல் வெளியிட்ட ‘இ.பி.8’ அதே 85ஐ 2.6 கிலோவில் தருகிறது. ஜெர்மனியின் டி.க்யூ. நிறுவனம் 2022இல் வெளியிட்ட ‘எச்.பி.ஆர்.50’ 1.85 கிலோ மட்டுமே; விசையும் 50தான். 2024இல் சீனாவின் டி.ஜே.ஐ. கொண்டுவந்த ‘அவினாக்ஸ்’ 2.52 கிலோவில் 105ஐ எட்டியது. எண்களில் மயங்கிவிட வேண்டாம். 85க்கும் 105க்கும் உள்ள வேறுபாட்டைப் பந்தயக்காரர் உணர்வார். தோட்டத்துக்குப் போய் வருபவர் உணர்வது அரிது. 50க்கும் 85க்கும் உள்ள வேறுபாடு சுமையேற்றிய முதல் நாளே தெரியும்.

‘250 வாட்’ என்ற பொறிப்பைக் கொண்டு வலிவை அளக்கவும் இயலாது. ஐரோப்பியச் சட்டம் தொடர்ந்து ஓடும் திறனை 250 வாட்டென்றும், உதவி நிற்கும் வேகத்தை 25 கிலோமீட்டரென்றும் வரையறுத்ததால் எல்லாரும் அதையே பொறிக்கின்றனர். அது குதிரைத்திறனில் மூன்றில் ஒரு பங்கே. ஆயினும் சிறிது நேரத்துக்கு 500, 600 வாட் தரும் மோட்டார்களும் அப்பொறிப்போடு வருகின்றன. நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளும் 250 வாட், 25 கிலோமீட்டர் என்னும் எல்லைக்குள் அடங்கும் மிதிவண்டிக்கே பதிவிலிருந்தும் உரிமத்திலிருந்தும் விலக்களிக்கின்றன.

பாட்டரியை வாட்மணியால் அளப்பர். 500 வாட்மணி என்பது வீட்டு மீட்டரில் அரை யூனிட். மின்சாரச் செலவு ஒரு பொருட்டன்று. மேற்சொன்ன 100 கிலோவை 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 136 வாட்மணி வேலை தேவை. அதில் மூன்றில் இரண்டு பங்கை மோட்டார் ஏற்று, நான்கில் ஒரு பங்கு மின்சாரம் வெப்பமாகக் கழிகிறதெனக் கொண்டால், பாட்டரியிலிருந்து 120 வாட்மணி செல்லும். உரசலையும் சேர்த்தால் 500 வாட்மணி பாட்டரி 1,500 மீட்டர் ஏற்றத்துக்குப் போதுமானது. நாளொன்றுக்கு ஒருமுறை மலையேறி இறங்குபவர் 800 வாட்மணிக்குப் பணம் கொடுப்பது வீண்.

பழுதுபார்க்கும் வசதியே அங்கத்தினர் அனைவரும் நின்று யோசிக்க வேண்டிய இடம். பாஷ் மோட்டாருக்கு ஷிமானோ பாட்டரி பொருந்தாது. ஒன்றுக்கென்று வார்த்த சட்டத்தில் மற்றதன் மோட்டாரைப் பூட்டவும் இயலாது. மோட்டாரின் உட்பகுதி கெட்டால், திறந்து பார்ப்பதைவிட மோட்டாரையே மாற்றித் தருவதே இந்நிறுவனங்களின் வழக்கம். உத்தரவாதக் காலம் கடந்தபின் அது எளிய செலவன்று. இதற்கு மாறாக, சீனாவின் பாபாங் நிறுவனத்தின் ‘பி.பி.எஸ்.’ வரிசை நடுமோட்டார் சாதாரண மிதிவண்டியின் கிராங்க் குழாயிலேயே பூட்டத் தக்கது. உட்பாகங்கள் தனித்தனியே கிடைக்கின்றன. கைதேர்ந்த மெக்கானிக் அதனைத் திறந்து சீர்செய்வார். அழுத்தத்தை அளக்கும் கருவி அதில் இல்லை என்பது குறை. நேர்த்தி வேண்டுவோர் ஒருபுறமும், பக்கத்து ஊரிலேயே பழுதுபார்க்க வேண்டுவோர் மறுபுறமும் செல்ல வேண்டியதுதான். ஒரே ஊரில் ஐந்தாறு பேர் வாங்குவதாயின் அனைவரும் ஒரே வகையை வாங்கி, சங்கத்தில் ஒரு பாட்டரியும் தனிக்கருவிகளும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு வகை வாங்கினால் ஒருவர் பொருள் மற்றவருக்கு உதவாது.

வாங்குமுன் கடைத்தெருவில் மட்டும் ஓட்டிப் பார்த்துத் திரும்பிவிட வேண்டாம். உண்மையான ஏற்றமொன்றின் நடுவில் வண்டியை நிறுத்தி, கீழ்க்கியரில் மீண்டும் புறப்பட்டுப் பார்க்க. பெடலை நிறுத்திய கணத்தில் மோட்டாரும் நிற்கிறதா என்று கவனிக்க. பிறகு மின்சாரத்தை முற்றிலும் அணைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் மிதித்துப் பார்க்க. சில பழைய மோட்டார்கள் அணைந்த நிலையிலும் காலைப் பிடித்திழுக்கும். மோட்டார் பழுதானால் எந்த ஊருக்கு அனுப்பப்படும், எத்தனை நாளில் திரும்பும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவற்றை விற்பவரிடம் எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே முன்பணம் கொடுக்க.