பாவா கோர் கந்தூரியும் ஹபஷி முரசும்

ஒரு பெருநாள் அன்று மதீனாப் பள்ளிவாசலில் ஹபஷிகள் சிலர் ஈட்டியும் கேடயமும் ஏந்தித் தம் நாட்டு முறையில் விளையாடிய நிகழ்ச்சியைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்புகளும் பதிவு செய்துள்ளன. அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் மேலாடையால் மறைத்து நிற்க, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தமக்குச் சலிக்கும்வரை அதனைக் கண்டு களித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் சிறு கற்களை எடுத்தெறிந்து தடுக்க முற்பட்டபோது, அவர்களை விட்டுவிடுமாறு அண்ணலார் பணித்தார்கள். அந்த ஹபஷிகளைப் 'பனூ அர்ஃபிதா' என்று அவர்களுக்குரிய பெயர் சொல்லியே ஊக்கினார்கள். இசை, கூத்து ஆகியன பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இந்த ஹதீஸ் முன்வைக்கப்படுவதை நாம் அறிவோம். ஆயினும் அதில் நாம் பெரும்பாலும் கடந்து சென்றுவிடும் செய்தி ஒன்று உண்டு. ஆப்பிரிக்கர்கள் தம் ஆடலைத் தம் வழக்கப்படியே, மற்றவர் காண, பள்ளிவாசலுக்குள் ஆடினார்கள். அரபிகளின் முறைக்கு அதனை மாற்றிக்கொள்ளுமாறு எவரும் கேட்கவில்லை.

இந்த நிகழ்ச்சியை மனத்தில் இருத்திக்கொண்டு குஜராத்தின் ரத்தன்பூர் மலைக்குச் செல்வோம். நர்மதைக்குத் தெற்கே, பரூச் மாவட்டம் ஜகடியா வட்டத்தில் உள்ள சிறு குன்று அது. அதன் மேல் பாவா கோர் என்னும் ஹபஷி இறைநேசரின் தர்கா அமைந்துள்ளது. ஆண்டுதோறும் அங்கே நடைபெறும் உரூஸ், இந்திய மண்ணில் ஆப்பிரிக்க மரபு பொதுமக்கள் முன்னிலையில் கொண்டாடப்படும் விழாக்களுள் முதன்மையானது எனலாம். அதனை நடத்துவோர் சித்தியர். (தமிழில் சிறிய தாயைக் குறிக்கும் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. 'என் தலைவர்' என்று பொருள்படும் 'ஸய்யிதீ' என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பதே பலரும் கூறும் விளக்கம்.)

சித்தியரின் முன்னோர் அபிசீனியாவிலிருந்தும், கிழக்காப்பிரிக்கக் கரையின் பந்து மொழிகள் பேசும் பகுதிகளிலிருந்தும் பல நூற்றாண்டுகளாக இங்கு வந்து சேர்ந்தவர்கள். வணிகராகவும் மாலுமியாகவும் போர்வீரராகவும் வந்தோர் உண்டு. ஆயின் மிகப் பலர் அடிமைகளாகவே கொண்டுவரப்பட்டனர். அவர்களை விற்றவர்களிலும் வாங்கியவர்களிலும் போர்ச்சுகீசியர் மட்டுமல்லர், அரபிகளும் குஜராத்தி வணிகர்களும் இந்திய முஸ்லிம் பிரபுக்களும் இருந்தனர் என்பதை மறைப்பதில் பயனில்லை. 14ஆம் நூற்றாண்டில் குஜராத் கரையில் கப்பலேறிய இப்னு பதூதா, அக்கடலில் கப்பல்களுக்குக் காவலே ஹபஷி வீரர்கள்தாம் என்று எழுதிச் சென்றார். ஹரார் பகுதியில் பிறந்து, கை மாறி விற்கப்பட்டு, தக்காணம் வந்து சேர்ந்த மாலிக் அம்பர் (1548–1626) அகமதுநகர் அரசின் ஆட்சிப் பொறுப்பாளராக உயர்ந்து, முகலாயப் படைகளை ஆண்டுக்கணக்கில் திணறடித்தார். பின்னாளில் ஔரங்காபாத் எனப் பெயர் பெற்ற நகரை 1610இல் 'கட்கி' என்ற பெயரில் நிறுவியவரும் அவரே. அகமதாபாத்தில் 1573 அளவில் எழுந்த சீதி ஸய்யித் பள்ளிவாசலின் கல் சாளரத்தை அறியாதார் இலர். அதனைக் கட்டுவித்தவர் ஒரு ஹபஷி என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? ஜஞ்சிரா, சச்சின் ஆகிய இரு சிற்றரசுகளும் 1948 வரை ஹபஷி நவாபுகளின் வசமே இருந்தன.

அரசர்களின் கதை இவ்வளவு போதும். இன்றைய சித்தியரில் பெரும்பாலோர் இந்த நவாபுகளின் வழிவந்தோர் அல்லர். உழவுக் கூலிகளாகவும் ஓட்டுநர்களாகவும் பக்கீர்களாகவும் வாழும் எளிய மக்கள் அவர்கள். குஜராத்திச் சித்தியரின் தாய்மொழி குஜராத்தி. தம் முன்னோர் ஆப்பிரிக்காவில் எந்த ஊரினர், எந்தக் குலத்தினர் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அடிமை வணிகம் முதலில் அழிப்பது வம்சாவளியைத்தான். அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் பாவா கோர். குருதி வழியான மூதாதையை இழந்த மக்கள், ஓர் இறைநேசரின் வழியே தம்மை ஒரு குடும்பமாகக் கட்டிக்கொண்டார்கள். அவருக்கும் மேலே, தம் மரபின் தொடக்கமாக ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களைச் சித்தியர் போற்றுகின்றனர்.

பாவா கோரின் இயற்பெயர் சீதி முபாரக் நோபி என்று வாய்மொழி மரபு கூறுகிறது. 'நோபி' என்பது நூபியாவைச் சுட்டுவது. அவருடைய சகோதரர் பாவா ஹபஷ், சகோதரி மாயி மிஸ்ரா. அப்பகுதியை ஆட்டிப்படைத்த மக்கன் தேவி என்னும் அரக்கியை அடக்கியவர் மாயி மிஸ்ராதான் என்பது அங்கு வழங்கும் கதை. பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் இன்றும் அவரை நாடுகின்றனர். கதையின் வரலாற்று உண்மையை இங்கு நாம் ஆராயப்போவதில்லை. ஆனால் மலையடிவாரத்துப் பூமி சொல்லும் வரலாறு உறுதியானது. அது அகீக் கல் விளையும் பூமி. ரத்தன்பூரில் தோண்டி எடுத்த கல், சூடேற்றப்பட்டுச் செந்நிறம் பெற்று, கம்பாத் நகரில் மணியாகக் கடையப்பட்டு, அரபு நாடுகளுக்கும் கிழக்காப்பிரிக்காவுக்கும் கப்பலேறியது. அத்தொழிலின் காவலராகவும் பாவா கோர் மதிக்கப்படுகிறார்.

நமக்கும் இக்கல் புதிதன்று. நம் அகழாய்வாளர்கள் 'சூதுபவளம்' என்று குறிப்பிடுவது இந்தச் சிவந்த அகீக் இனத்தையே. கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்த சூதுபவள மணிகளுக்கான மூலக்கல் குஜராத் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. தியாகராய நகர் உஸ்மான் சாலையில் பொன்னுக்கு இருக்கும் மதிப்பு அகீக்கிற்கு இல்லைதான். (அந்தச் சாலையின் பெயருக்குரிய சர் முகமது உஸ்மான் 1934இல் சென்னை மாகாணத்தின் பொறுப்பு ஆளுநராக இருந்தவர் என்பதையும் அங்கு நகை வாங்க வருவோர் நினைப்பதில்லை.) எனினும் வெள்ளி மோதிரத்தில் அகீக் பதித்து அணியும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்றும் உண்டு.

உரூஸ் நாட்களில் தர்காவின் முற்றத்தில் நிகழ்வது 'கோமா'. 'தமால்' என்றும் அதனைச் சொல்வர். சுவாஹிலி முதலிய மொழிகளில் 'ங்கோமா' என்றால் முரசு. அதே சொல் ஆடலையும் குறிக்கும், ஆடல் நடக்கும் விழாவையும் குறிக்கும். கால்கள் வைத்து நிறுத்தப்பட்ட பெருமுரசு 'முகர்மான்'. உருளை வடிவச் சிறுமுரசு 'முசிந்தோ'. தேங்காய்ச் சிரட்டையில் செய்து துணியால் பொதிந்த கிலுகிலுப்பைக்கு 'மாயி மிஸ்ரா' என்றே பெயர். 'மலுங்கா' என்பது சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றை நரம்பு வில். பக்கீர் அதனைக் குச்சியால் தட்டியபடி பாடிச் செல்வார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், பிரேசில் நாட்டுக் கறுப்பின மக்கள் இசைக்கும் பெரிம்பாவ் என்னும் வில்லைக் கண்டவர்கள் இதனைக் கண்டால் வியப்பர். ஒரே கண்டத்திலிருந்து எதிரெதிர்த் திசைகளில் கொண்டுசெல்லப்பட்டோர் ஒரே கருவியைக் காப்பாற்றி வைத்திருக்கின்றனர்.

பாடல்களை அவர்கள் 'ஜிக்ர்' என்றே அழைக்கின்றனர். அவற்றில் பாடுவோருக்கே பொருள் தெரியாத ஆப்பிரிக்கச் சொற்கள் கலந்துள்ளன. முரசின் வேகம் ஏறும்போது சிலருக்கு 'ஹால்' வரும். இறைநேசரின் அருள் உடலில் இறங்கியதாக அதனைக் கொள்வர். தேங்காயை உயரே எறிந்து, விழும்போது தலையால் உடைப்பதும் உண்டு. நாகூர்க் கந்தூரியில் பக்கீர்மார் தாயிராக்களை முழக்கிப் பாடுவதைக் கேட்ட நம் வாசகர்களுக்கு இச்சூழல் அந்நியமாய்த் தோன்றாது. கூடுவோரும் அப்படியே. சித்தியர் மட்டுமன்றிப் பீல் பழங்குடியினர், இந்துக்கள், பார்சிகள் எனப் பலரும் நேர்த்திக்கடனுடன் மலையேறுகின்றனர். சமூகத்தின் கீழ்த்தட்டில் வைக்கப்பட்ட சித்தி, அந்த முற்றத்தில் முஜாவராக, அருள் வழங்குபவராக நிற்கிறார். மேல்தட்டினர் அவர் முன் தலை தாழ்த்துகின்றனர். உரூஸின் உண்மையான பொருள் இந்த இடமாற்றத்தில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

கராச்சி அருகே முதலைக் குளத்தோடு கூடிய மங்கோபீர் தர்காவில் ஷீதிகள் நடத்தும் விழாவும் இவ்வகையினதே. சிந்து மாகாணச் சட்டப்பேரவைக்கு முதல் ஷீதிப் பெண் உறுப்பினராக 2018இல் தன்சீலா கம்பராணி சென்றபோது, அம்மக்களின் பெயர் சிறிது வெளியே கேட்டது.

2000க்குப் பிறகு கோமா மலையை விட்டு இறங்கி உலக மேடைகளை அடைந்தது. 'சீதி கோமா' என்னும் குழு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிகழ்ச்சிகள் நடத்தியது. ஏமி காட்லின், எட்வர்டு ஆல்பர்ஸ் ஆகியோர் பதிப்பித்த ஆய்வுத் தொகுப்பு 2004இல் வெளிவந்தது. இவற்றால் சித்தியர் பெற்ற தன்மதிப்பு பெரிது. தம் இசைக்கு உறவான இசை வேறு கண்டங்களில் வாழ்கிறது என்று அவர்கள் அறிந்ததும் இவ்வழியேதான். ஆனால் இன்னொரு மேடையும் உருவாயிற்று. கிர் காட்டுக்குச் சிங்கம் காண வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு மாலை வேளைகளில் விடுதிகளில் 'ஆப்பிரிக்கப் பழங்குடி நடனம்' காட்டப்படுகிறது. மயிற்பீலிப் பாவாடையும் முகத்தில் வண்ணப் பூச்சுமாக ஆடுவோர், பிலாலின் பெயரால் ஜிக்ர் பாடும் முஸ்லிம்கள் என்பது பார்ப்போருக்குச் சொல்லப்படுவதில்லை. அந்த வருமானம் தேவைப்படும் குடும்பங்கள் ஆடுகின்றன. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் நூற்றாண்டுகளாய் இம்மண்ணில் வாழ்பவரை நேற்று வந்த வேடிக்கைப் பொருளாக்கும் பார்வை விடுதியோடு நிற்பதில்லை. 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்கள் கும்பலால் தாக்கப்பட்டதன் வேரும் அதே பார்வைதான்.

மறுபுறம், சமயச் சீர்திருத்தம் பேசுவோர் முரசையும் ஹாலையும் மார்க்கத்துக்குப் புறம்பானவை என்று கண்டிக்கின்றனர். தர்கா வழிபாடு பற்றியும் இசை பற்றியும் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடு பழையது, ஆழமானது. அதில் தீர்ப்புச் சொல்ல இக்கட்டுரை முனையவில்லை. ஆனால் முரசைக் கீழே வைக்கச் சொல்வோர், முரசில்லாத சித்திக்குத் தம் ஜமாஅத்தில் எந்த இடம் தருவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெண் கொடுக்கவும் எடுக்கவும் தயங்குபவர்கள், இறைநேசரின் முற்றத்தில் மட்டுமே கிடைக்கும் மதிப்பையும் துறந்துவிடுமாறு அவரிடம் கேட்பது நியாயமாகாது.

இது வட இந்தியாவின் சிக்கல் மட்டுமன்று என்பதை நம் மொழியே காட்டும். தமிழ் அகராதியில் ஆப்பிரிக்கரைச் சுட்டும் சொல் 'காப்பிரி'. அரபியின் 'காஃபிர்' என்னும் சொல், போர்ச்சுகீசியர் வாய்வழியே இங்கு வந்து அவ்வாறு ஆயிற்று. இலங்கையில் புத்தளம் அருகே சிறாம்பியடியில், மஞ்ஞா என்னும் பாட்டும் தாளமும் காத்துவரும் கத்தோலிக்கரான ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் இன்றுவரை அதுவே பெயர். அதேவேளை நம் பள்ளிவாசல்களில் 'பிலால்' என்பது ஒரு பணியின் பெயராகிவிட்டது. தமிழக அரசின் உலமாக்கள் நலத் திட்டங்களிலும் மோதினாருக்குப் பக்கத்தில் 'பிலால்' இடம்பெறுகிறார். பிலால் (ரலி) அவர்களின் பெயர் இங்கே பணியாளருக்கு உரியதாய் நின்றுவிட்டது. அதன் பெருமை அப்பணியாளரின் ஊதியத்தில் தெரிகிறதா என்பதை ஜமாஅத் நிர்வாகிகளே சொல்லட்டும்.

சித்தியரின் நிலையில் சில அசைவுகள் உண்டு. உத்தர கன்னட மாவட்டச் சித்தியர் 2003இல் பட்டியல் பழங்குடியினராயினர். அவர்களில் இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள் என மூவரும் உளர். 2020இல் சாந்தாராம் சித்தி கர்நாடக மேலவையின் உறுப்பினரானார். குஜராத்தில் ஜாம்பூர் ஊரைச் சேர்ந்த ஹீராபாய் இப்ராகிம் லோபி, தம் இனப் பெண்களுக்குத் தொழிலும் சிறுவர்களுக்குக் கல்வியும் கிடைக்கப் பல்லாண்டு உழைத்தவர். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நகார்ச்சி பீரின் தர்கா இருப்பதும் அதே ஜாம்பூரில்தான். அங்கும் கோமா உண்டு.

ஆனால் குஜராத்தில் சித்தியருக்கான பழங்குடித் தகுதி சௌராஷ்டிரப் பகுதி மாவட்டங்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. பரூச் அந்த வரம்புக்குள் இல்லை. ரத்தன்பூர் மலையில் முகர்மான் முழக்கி உரூஸ் நடத்தும் சித்தியர், ஜாம்பூரில் உள்ள தம் உறவினருக்குக் கிடைக்கும் இட ஒதுக்கீட்டைத் தம் பிள்ளைகளுக்குக் கேட்க முடியாத நிலையில் உள்ளனர்.