எந்தச் சோடா வேண்டும்? - வீட்டில் துணி சோப்பு செய்வோரும் நம் கடையும்



நம் கடைகளில் 'சோடா' என்ற ஒரே பெயரில் மூன்று சரக்குகள் இருக்கின்றன. ஆப்ப மாவில் போடும் சோடா உப்பு ஒன்று. துணி வெளுக்கும் சலவைச் சோடா இன்னொன்று. மூன்றாவது காஸ்டிக் சோடா. மூன்றும் வெள்ளைதான். முதலாவதை உணவில் சேர்க்கலாம். மூன்றாவது ஈரக் கையில் பட்டாலே தோலை அரித்துவிடும். கேட்க வருகிறவர்களோ மூன்றையும் "சோடா கொடுங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கடைப் பையன் கால் கிலோ காஸ்டிக் சோடாவைப் பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, அந்த அம்மாளின் பையில் கல்லுப்புப் பொட்டலத்துக்கு மேலேயே வைத்துவிட்டான். அவர் பாதி வழி போவதற்குள் பொட்டலம் நனைந்து கிழிந்து, செதில்கள் உப்பின்மேல் கொட்டிவிட்டன. நல்லவேளை, பையில் ஏதோ பிசுபிசுப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தார். உப்பைக் கீழே கொட்டிவிட்டு வேறு உப்பு கொடுத்து அனுப்பினோம். அவர் கவனிக்காமல் அந்த உப்பைக் குழம்பில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பில் அன்று இரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் காஸ்டிக்கைச் சில்லறையில் பொட்டலம் கட்டுவதை நிறுத்திவிட்டோம். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், பெயர் ஒட்டி, 'தின்னக் கூடாது, கையால் தொடக் கூடாது' என்று எழுதித்தான் இப்போது கொடுக்கிறோம். மளிகைச் சாமான்கள் இருக்கும் அலமாரியிலும் அது இருப்பதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. வீட்டிலேயே துணி சோப்பு செய்வது மறுபடியும் பெருகியிருக்கிறது. கைபேசியில் செய்முறையைப் பார்த்துவிட்டு எண்ணெயும் காஸ்டிக்கும் வாங்க வருகிறார்கள். மகளிர் குழுவினரும் வருகிறார்கள். விற்பது நாம் என்பதால் நமக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும்.

எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்து மாறுவதுதான் சோப்பு. அளவு சரியாக இருந்தால், முடிவில் காஸ்டிக் தனியாக மிஞ்சாது. சோப்பும் கிளிசரினும்தான் இருக்கும். காஸ்டிக் கூடினால் கை எரியும், துணி நைந்துபோகும். குறைந்தால் சோப்பில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். இதில் பலர் தவறுவது எங்கே என்றால், எல்லா எண்ணெய்க்கும் ஒரே அளவு என்று நினைப்பதில்தான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 183 கிராம் காஸ்டிக் பிடிக்கும். பாமாயிலுக்கு 142 கிராம், கடலை எண்ணெய்க்கு 136, விளக்கெண்ணெய்க்கு 128 போதும். தேங்காய் எண்ணெய்க் கணக்கை வைத்துப் பாமாயிலில் செய்தால் கிலோவுக்கு 40 கிராம் காஸ்டிக் அப்படியே நின்றுவிடும். அந்தச் சோப்பால் துவைத்த கை என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே எங்களிடம் காஸ்டிக் கேட்டு வருகிறவர்களிடம் "எந்த எண்ணெயில் செய்யப் போகிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறோம்.

நாங்கள் சொல்லிக் கொடுக்கும் அளவு இதுதான்: தேங்காய் எண்ணெய் அரை கிலோ, பாமாயில் அரை கிலோ, காஸ்டிக் 155 கிராம், தண்ணீர் 350 மில்லி. கணக்குக்கு 162 கிராம் வரும். பாதுகாப்புக்காக நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். கரண்டி அளவு, டம்ளர் அளவு கூடாது. காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டுமே தவிர, காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்து முகத்தில் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் அறவே ஆகாது. காஸ்டிக் அதைத் தின்றுவிடும், தீப்பற்றக்கூடிய வாயுவும் கிளம்பும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் வாளி போதும். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. கரைசல் சூடு தணிந்து வெதுவெதுப்பானதும் எண்ணெயில் மெல்ல ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும்வரை ஒரே சீராகக் கிண்டி, தாள் விரித்த பெட்டியில் ஊற்ற வேண்டும். மறுநாள் கெட்டிப்பட்டதும் வில்லை போட்டு, நிழலில் நான்கு வாரம் காய விட வேண்டும். இந்த நான்கு வாரத்துக்குத்தான் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை.

பஜ்ஜி, வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயிலும் செய்யலாம். நன்றாக வடிகட்டி, கிலோவுக்கு 125 கிராமுக்கு மேல் காஸ்டிக் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சூரியகாந்தி எண்ணெய் மட்டுமே என்றால் சோப்பு களியாகத்தான் நிற்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெயாவது சேர வேண்டும்.

தப்பித் தவறிக் கையில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். எலுமிச்சம் பழம் தேய்ப்பது, வினிகர் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இதைத் துண்டுச் சீட்டாக அச்சடித்து டப்பாவோடு கொடுத்துவிடுகிறோம். செலவு ஒன்றும் பெரிதில்லை.

நமக்கு மட்டும் ஒரு விஷயம். காஸ்டிக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சரக்கு. சாக்கைத் திறந்துபோட்டால் ஒரே வாரத்தில் கசகசத்து எடை கூடும். லாபம் என்று நினைக்க வேண்டாம், நாம் விற்பது தண்ணீரை. வாங்கிப் போனவரின் சோப்பு பிசுபிசுத்துப் போய், "உங்க எண்ணெயில கலப்படம்" என்று நம்மிடமே வந்து நிற்பார். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் மேட்டூரிலும் உப்பிலிருந்து காஸ்டிக் எடுக்கும் ஆலைகள் இருப்பதால் நம் பக்கத்தில் சரக்குக்குப் பஞ்சமில்லை. அளவாக வாங்கி, சீக்கிரம் தள்ளுவதே நல்லது.

மிச்சமாகுமா என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்வோம். 2025-ல் தேங்காய் எண்ணெய் ஏறிய ஏற்றம் நமக்குத் தெரியாததல்ல. புது எண்ணெய் வாங்கிச் செய்தால் கடை சோப்பை விட மலிவாக முடியும் என்று உறுதி சொல்ல முடியாது. மீந்த எண்ணெய் கையில் இருப்பவருக்குத்தான் மிச்சம். தண்ணீரையும் விசாரிக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் எண்ணெய் சோப்பு நுரைக்காமல் திரிந்து, துணியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அப்படிப்பட்ட ஊரில் கொஞ்சம் சலவைச் சோடாவை முதலில் தண்ணீரில் கலக்கச் சொல்லலாம். அதற்கும் மசியாத தண்ணீருக்கு டிடர்ஜெண்ட்தான் வழி. பட்டு, கம்பளிக்கு எண்ணெய் சோப்பு ஒத்துவராது, பூந்திக்கொட்டை கொடுங்கள்.

செய்தவர்களே நம்மிடம் விற்பனைக்குக் கொண்டு வருவதும் உண்டு. மஞ்சள் தூளில் தேய்த்துச் சிவந்தால் காஸ்டிக் மிஞ்சியது என்று நம் ஆட்கள் சிலர் சோதிக்கிறார்கள். அது சரியல்ல. நல்ல எண்ணெய் சோப்புக்கும் காரத்தன்மை உண்டு, அதுவும் மஞ்சளைச் சிவக்க வைக்கும். வில்லையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் ஈரம் கசிந்தாலோ, வெள்ளைக் கற்கள் போலக் குழியில் தெரிந்தாலோ வாங்க வேண்டாம். கல் போலக் கனத்து, நுரையே வராவிட்டால் மாக்கல் பொடி ஏற்றியது. பொட்டலமாக விற்றால் செய்தவர் பெயர், முகவரி, எடை, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும்; 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள் சிறு தயாரிப்பாளருக்கும் பொருந்தும். அதே வில்லையை 'குளியல் சோப்பு' என்று எழுதி எடுத்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும், அதற்குத் தனி உரிமம் வேண்டும்.