பெயர் ஒருவருக்கு, பிடி இன்னொருவருக்கு

கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று கிராமத்திலும் அரிதாகிவிட்டது. கல்வீடோ தகரக் கொட்டிலோ, சுவரோரம் ஒரு சார்ஜர் தொங்கத்தான் செய்கிறது. சந்தையில், வயல் வரம்பில், ஆஸ்பத்திரி வாங்கில் என்று எங்கும் பெண்களின் கைகளில் போனைக் காண்கிறோம். இதைப் பார்த்துவிட்டு, நவீன யுகம் பெண்களின் கைக்கும் வந்துவிட்டது என்று கூட்டங்களில் பெருமையாகப் பேசுகிறோம். கைக்கு வந்தது உண்மைதான். ஆனால் அது அவளுக்குச் சொந்தமானதா என்பது வேறு கேள்வி.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் சமூகப் பணி செய்பவள். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் 'அதிகாரம்' என்ற சொல்லுக்குப் பல வரைவிலக்கணங்களை மனனம் செய்திருக்கிறேன். கள வேலைக்கு வந்தபின் அவற்றையெல்லாம் இரண்டு கேள்விகளாகச் சுருக்கிக்கொண்டேன். பெயர் யாருடையது? பிடி யாருடையது? போன், காணி, கடன், அரசியல் ஆகிய நான்கு விடயங்களிலும் இக்கேள்விகளைக் கேட்டபோது எனக்குத் தோன்றியவற்றை வாசகியருடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இவை என் சொந்த அபிப்பிராயங்களே.

போன் யாருடையது?

படிவம் நிரப்பும்போது, "உங்கட போன் நம்பரச் சொல்லுங்க அக்கா" என்று கேட்டால் பலர் ஒரு கணம் தயங்குவார்கள். "எனக்கெங்க மிஸ் நம்பர்? அவர்ர நம்பரப் போடுங்க" என்பார் ஒருவர். இன்னொருவர் கட்டாரில் வேலை செய்யும் மகனின் இலக்கத்தைச் சொல்வார். போன் அவர்களின் கையிலேயே இருக்கும். ஆனால் சிம் அட்டை கணவரின் அடையாள அட்டையில் எடுக்கப்பட்டிருக்கும்.

இதில் என்ன பெரிய விடயம் என்று கேட்கலாம். 2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும திட்டம் வந்தது. பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கு தாயின் பெயரில் இருந்தாலும், பணம் வந்த தகவல் யாருடைய போனுக்கு வருகிறது? வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் யாருடைய கண்ணில் முதலில் படுகிறது? காசு வந்துவிட்டதா என்று அறிய, மகன் வேலை முடிந்து வரும்வரை வாசலில் காத்திருக்கும் தாய்மாரை நான் கண்டிருக்கிறேன்.

முன்பு வங்கிப் புத்தகம் அலுமாரியில் சேலைக்கு அடியில் இருந்தது. அதில் எவ்வளவு இருக்கிறது என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். சீட்டுக் காசும் முட்டை விற்ற காசும் அங்கேதான் சேர்ந்தன. வசதி கூடிய காலத்தில் அந்தச் சின்ன இரகசியமும் அவளிடமிருந்து போய்விடுகிறதோ என்று சில வேளை எனக்குக் கவலையாக இருக்கிறது.

இதைவிடப் பாரதூரமான பக்கமும் உண்டு. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலேயே வந்துவிட்டது என்றும் விளக்குகிறோம். ஆனால் யார் யாருக்கு அழைப்பு எடுத்தாள் என்று கணவன் இரவில் பார்க்கும் போனிலிருந்து, அந்தக் கணவனைப் பற்றியே அவள் எப்படி முறையிடுவாள்?

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரியல்ல. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்மார் ஒரு காலத்தில் ஒலிநாடாவில் பேசிப் பதிவுசெய்து, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளை அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்கும். இன்று தாய் வீடியோவில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் "சாப்பிட்டியா மகள்?" என்று கேட்கிறாள். எழுதத் தெரியாத அக்காமார் குரல் பதிவில் தங்கள் முறைப்பாட்டை எனக்கு அனுப்புகிறார்கள். இவை சிறிய நன்மைகள் அல்ல. இந்த நன்மைகள் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் போன் அவளுடையதாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

காணியும் வீடும்

இந்தப் பிரச்சினை போனோடு பிறந்ததல்ல. எங்கள் கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடு கொடுத்துத் திருமணம் செய்துவைப்பது பழைய வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். 2004 டிசம்பர் 26இல் சுனாமி அந்த வீடுகளை அள்ளிச் சென்றது. பின்னர் புதிய வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டபோது, படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் ஆணின் பெயரே பெரும்பாலும் எழுதப்பட்டது. தாய் வழியாக வந்த வளவை இழந்த பல பெண்கள், கணவன் பெயரில் உள்ள வீட்டில் குடியேறினார்கள். கடல் கொண்டுபோனது ஒரு வீட்டை. படிவம் கொண்டுபோனது உரிமையை.

வடக்கின் கதை வேறு விதமானது. அங்கே சீதனக் காணி பெண்ணின் பெயரிலேயே இருக்கும். ஆனால் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் அதை விற்கவோ ஈடு வைக்கவோ விரும்பினால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கணவன் விட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமின்றி மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். யுத்தத்தில் கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் அந்தக் கையொப்பத்தை எங்கே தேடுவாள்?

அரச காணி அனுமதிப்பத்திரங்களில் இன்னொரு அநீதி இருந்தது. பின்னுரித்தாளர் நியமிக்கப்படாதபோது மகளுக்கு முன் மகனுக்கே உரிமை போகும்படி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வைத்திருந்தது. அது 2022இல்தான் திருத்தப்பட்டது. ஒரு வரியைத் திருத்த எண்பத்தேழு வருடங்கள்!

கடனுக்கு மட்டும் அவள் பெயர்

காணி, வீடு என்றால் ஆணின் பெயரைத் தேடுகிறவர்கள், கடன் என்றால் பெண்ணைத் தேடி வருகிறார்கள். யுத்தம் முடிந்த பின்னர் வடக்கு, கிழக்கெங்கும் நுண்கடன் நிறுவனங்கள் படலை படலையாக வந்தன. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்று கையொப்பமிட்டார்கள். அந்தப் பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர், வலை வாங்கியவர், வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டியவர் பல வீடுகளில் ஆண்தான். வாராவாரம் தவணை கேட்டு வருபவருக்கு முகம் கொடுத்தவள் பெண். இங்கே பெயர் அவளுடையது, பணத்தின் பிடி வேறொருவருடையது.

வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கம் முன்வந்தது. ஆனாலும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குரக்கொடையில் கடனாளிப் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். சிங்களப் பெண்ணுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இந்த விடயத்தில் கதை ஒன்றே.

அரசியலில் என்ன?

இலங்கையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 1931இலேயே சர்வசன வாக்குரிமை கிடைத்தது. உலகின் முதலாவது பெண் பிரதமரையும் 1960இல் தந்தது நமது நாடுதான். இதையெல்லாம் பிள்ளைகளின் பொது அறிவுப் புத்தகங்களில் பெருமையோடு படிக்கிறோம். ஆயினும் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நீண்டகாலம் நூற்றுக்கு இரண்டு பேர் அளவிலேயே இருந்தார்கள். 2016இல் 25 வீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 பெப்ரவரித் தேர்தலில் நடைமுறைக்கு வந்த பின்னரே சபைகளில் பெண் குரல்கள் கணிசமாகக் கேட்கத் தொடங்கின.

சட்டத்தைப் பாராட்டும் அதே வேளை அதன் ஓட்டையையும் பார்க்க வேண்டும். வட்டாரங்களுக்கான வேட்பாளர்களில் பெண்கள் 10 வீதம் இருந்தால் போதும். மேலதிகப் பட்டியலில் 50 வீதம் இருக்க வேண்டும். இதனால் பெண்களில் பலர் பட்டியல் வழியாகவே சபைக்கு வந்தார்கள். பட்டியலிலிருந்து யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது கட்சி. மக்களிடம் நேரடியாக வாக்குப் பெறாதவர் என்ற ஏளனத்தை அந்தப் பெண்ணே சுமக்கிறாள்.

ஒரு முறை அலுவல் நிமித்தம் பெண் உறுப்பினர் ஒருவருக்குப் போன் எடுத்தேன். பேசியவர் கணவர். "என்ன விசயம் தங்கச்சி? எனக்கே சொல்லலாம்" என்றார். மரியாதையான மனிதர்தான். ஆனால் சபையில் யாருடைய குரல் ஒலிக்கும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. இதற்கு மாறாக, தன் வட்டாரத்து வடிகானுக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து பேசிய உறுப்பினரையும் நான் அறிவேன். முதல் கூட்டத்தில் சிரித்தவர்கள் பின்னர் அவர் பேசும்போது குறிப்பெடுத்தார்கள். பிடியை யாரும் தட்டில் வைத்துத் தருவதில்லை. பெயர் கிடைத்த இடத்தில் நின்றுதான் அதைப் பெற வேண்டியிருக்கிறது.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் முதன்முறையாக இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் தெரிவானார்கள். மலையகத் தமிழ்ப் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். மகிழ்ச்சியான மாற்றம்தான். எனினும் 225 ஆசனங்களில் இது பத்தில் ஒரு பங்கையும் எட்டவில்லை.

நாம் செய்யக் கூடியவை

குடும்பத்துக்குள் எல்லாவற்றையும் 'எனது, உனது' என்று பிரித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு போனை நாலு பேர் பாவிப்பது வறுமையின் விளைவுமாகும். பல கணவன்மாரும் பிள்ளைகளும் நல்ல மனதோடுதான் உதவுகிறார்கள். ஆனால் நல்ல மனதை மட்டும் நம்பி ஒரு பெண்ணின் பாதுகாப்பை விட்டுவைக்க முடியாது.

ஆகவே சில எளிய காரியங்களைச் செய்யலாம். உங்கள் அடையாள அட்டையில் ஒரு சிம் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண பட்டன் போனாக இருந்தாலும் பரவாயில்லை. வங்கிக்குப் போய் உங்கள் கணக்கில் எந்த இலக்கம் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, உங்களுடையதை மாற்றிப் பதியுங்கள். இரகசிய இலக்கத்தை யாரிடமும் சொல்ல வேண்டாம். பணம் உங்கள் கைக்கு வராத கடனில் கையொப்பம் இடாதீர்கள். வீடு, காணி விடயத்தில் பத்திரத்தில் யார் பெயர் எழுதப்படுகிறது என்று கிராம உத்தியோகத்தரிடம் வாய் திறந்து கேளுங்கள். அலுவலகம் பதில் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். பெண்ணின் பெயரில் படிவம் நிரப்பும்போது "வீட்டுக்காரர்ர நம்பர் என்ன?" என்று கேட்காதீர்கள். அவளுடைய இலக்கத்தையே கேளுங்கள். இல்லை என்று சொன்னால், எடுத்துக்கொண்டு வரச் சொல்லி இரண்டு நாள் தவணை கொடுங்கள்.