கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் இலக்கியம் எதற்கு?

தோட்டத்திலிருந்து பட்டம் வரை – 11

எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்ததும் ரெம்பாவ், பெடாஸ், செம்போங் பக்கத்துப் பிள்ளைகளிடம் "அடுத்து என்னம்மா?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர் சார்" என்ற பதில்தான் அதிகம் வருகிறது. தாத்தா பால்மரம் வெட்டினார், அப்பா செம்பனைக் குலை ஏற்றினார், பேத்தி மென்பொருள் எழுதப் போகிறாள். அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் என்று முடிவானதும் இலக்கியமும் வரலாறும் இனி வேண்டாத சுமை என்று பெரியவர்களே சொல்லிவிடுகிறோம். அதில்தான் எனக்கு வருத்தம்.

அமெரிக்காவின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் கணினி அறிவியல் மாணவர் தத்துவம், இசை, வரலாறு வகுப்புகளிலும் உட்காருவார். அத்தகைய கல்லூரிகளுக்கென்றே கிப்ஸ், டக்கர் என்ற இரு பேராசிரியர்கள் 1986இல் கணினிப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தார்கள். அயோவாவில் உள்ள கிரின்னல் அப்படிப்பட்ட கல்லூரிதான். 1949இல் அங்கே பட்டம் பெற்ற ராபர்ட் நாய்ஸ், 1968இல் இன்டெல்லைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அந்த இன்டெல் வெளிநாட்டில் கட்டிய முதல் தொழிற்சாலை 1972இல் நம் பினாங்கில் எழுந்தது.

பக்கத்தில் சிங்கப்பூரிலும் யேல்-என்யுஎஸ் என்ற அத்தகைய கல்லூரி இருந்தது. கணிதமும் கணினியியலும் படிக்க வந்தவர்கள்கூட முதலாண்டில் ராமாயணமும் ஒடிசியும் வாசித்தார்கள். 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்த அந்தக் கல்லூரி 2025இல் மூடப்பட்டது. பெரிய இழப்பு அது.

இலக்கியமும் இலக்கணமும் கணினிக்கு எங்கே உதவும் என்று கேட்கிற பெற்றோருக்கு ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் மகள் தமிழ் அகராதிச் செயலி ஒன்றை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சொற்களை யூனிகோட் எண் வரிசையில் அடுக்கினால் 'பகல்' முன்னேயும் 'பக்கம்' பின்னேயும் வரும். அகராதி முறையோ இதற்கு நேர்மாறு. காரணம், இலக்கணத்தில் 'க்' முதலில். அதோடு அகரம் சேர்ந்தால் 'க'. யூனிகோடில் 'க' முதலில். அதன்மேல் புள்ளி ஏறினால் 'க்'. பள்ளியில் இலக்கணத்தைக் கவனித்துப் படித்தவளுக்கு இந்தப் பிழை உடனே கண்ணில் படும். மற்றவர் கணினி சொன்னதே சரி என்று விட்டுவிடுவார்.

தமிழைக் கணினியில் ஏற்றியவர்களைப் பாருங்கள். 1995இல் தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்த சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர், ஆசிரியர். நம் முத்து நெடுமாறன் பொறியியல் படித்தவர். அவர் தந்தை முரசு நெடுமாறன் மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் தொகுத்துக் களஞ்சியமாக்கியவர். மகன் உருவாக்கியவை முரசு அஞ்சல், செல்லினம் என்ற தமிழ் உள்ளீட்டுச் செயலிகள். ஆப்பிள் கருவிகளில் 'தமிழ் சங்கம் எம்என்' என்ற எழுத்துரு இருக்கிறதே, அந்த எம்என் அவர் பெயரின் முதலெழுத்துகள்தாம்.

அறிவியலையும் தமிழையும் சேர்த்துப் படிக்கும் உரிமைக்காக நம் சமூகம் போராடியும் இருக்கிறது. எஸ்பிஎம்மில் 10 பாடங்கள் மட்டுமே என்று 2009இல் அறிவிப்பு வந்தபோது, அறிவியல் பிரிவு மாணவர்கள் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் இழக்கும் நிலை. எதிர்ப்பு வலுத்த பிறகு 12 வரை எடுக்கலாம் என்றானது. அப்படிப் பெற்ற இடத்தை நாமே காலியாக விடுவது நியாயமா?

பல்கலைக்கழகத்துக்கான யூபியூ விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகளே, கணினிப் பட்டப்படிப்பில் வேறு புலத்திலிருந்து எத்தனை விருப்பப் பாடங்கள் எடுக்கலாம் என்று முன்பே விசாரியுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால், இந்திய ஆய்வியல் துறைக்கு முதல் வாரத்திலேயே போய், உங்களுக்கு ஏற்ற வகுப்பு உண்டா என்று கேளுங்கள்.

(தொடரும்)