ஆம்புலன்ஸ் வண்டியை அழைக்க வேண்டிய தருணம்

நமது அச்சுக்கூடத்தில் நெடுநாளாக ஊழியம் செய்துவரும் அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு மாடிப்படியில் கால் இடறி விழுந்தார். ஏழெட்டுப் படிகள்தாம். தலையின் ஒரு பக்கத்தில் அடி. ஒரு கணம் கண் மூடினார். உடனே விழித்து எழுந்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை ஐயா" என்று சிரித்தார். சொட்டு இரத்தமும் இல்லை. அருகிலிருந்தோர் சோடா வாங்கிக் கொடுத்தனர், ஒருவர் நெற்றியில் தைலம் தடவினார், இளைஞர் ஒருவர் மட்டும், "ஆம்புலன்ஸை அழைக்கலாமா?" என்று கேட்டார். "எதற்கு அமர்க்களம்? வீட்டிற்குப் போய் ஓய்வெடுக்கட்டும்" என்று தீர்ப்புக் கூறியவர் இவ்வரிகளை எழுதுபவரே. விபத்து வழக்குகளில் வைத்தியர்களைக் கூண்டில் ஏற்றிப் பல ஆண்டுகள் குறுக்கு விசாரணை செய்த வக்கீலின் தீர்ப்பு அது! இரவு எட்டு மணிக்கு அன்பர் இருமுறை வாந்தியெடுத்தார். ஒன்பது மணிக்கு அவரை எழுப்ப முடியவில்லை. மண்டையோட்டினுள் தேங்கிய இரத்தத்தை அறுவைச் சிகிச்சையால் நீக்கினார்கள், பிழைத்தார். அவர் மனைவியார் நம்மை ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று நாம் செய்த பிழை என்னவென்பதைப் பின்னர் வைத்தியர் விளக்கினார். காதுக்கு மேலே கபாலத்தின் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஓர் இரத்தக் குழாய் ஓடுகிறது. அடியில் எலும்பு விண்டு அக்குழாய் கிழிந்தால், எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே இரத்தம் சேரத் தொடங்கும். மூளையை நசுக்கும் அளவுக்குச் சேரும் வரையில் மனிதன் பேசுவான், நடப்பான், தன் வீட்டு விலாசத்தைத் தவறின்றிச் சொல்லுவான். இந்த இடைவேளை சிலருக்குச் சில நிமிஷம். சிலருக்குப் பல மணி நேரம். 2009 மார்ச்சு 16ஆம் தேதி கனடா தேசத்தின் க்யூபெக் மாகாணத்தில் ஆங்கில நடிகை நடாஷா ரிச்சர்ட்ஸன், பனிச்சறுக்குப் பழகுவோருக்குரிய சாதாரணச் சரிவில் விழுந்தார். எழுந்து, தமக்கு ஒன்றுமில்லை என்றார். வந்த ஆம்புலன்ஸ் வண்டி வெறுமனே திரும்பிச் சென்றது. பின்னர்த் தலைவலி கண்டு மறுபடியும் வண்டிக்குச் சொல்லியனுப்பியபோது காலம் கடந்துவிட்டது. இரண்டாம் நாள் மாண்டார், வயது 45. செல்வமும் புகழும் வைத்திய வசதியும் நிறைந்த இடத்திலேயே இவ்வாறு நேர்ந்ததென்றால், நமது தெருமுனையில் நேர்வதைப்பற்றிச் சொல்ல வேண்டுமா?

1899ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கப் போரில் காந்தியடிகள் ஏறக்குறைய 1,100 இந்தியர்களைக் கொண்டு ஆம்புலன்ஸ் படை அமைத்ததை நம் வாசகர்கள் அறிவார்கள். ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் பலர் அப்படையில் இருந்தனர். ஒரு நாளில் இருபது மைலுக்கு மேலும் டோலியைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள். ஆனால் எவரைச் சுமக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவர்களுடையதன்று. அதற்கு இராணுவ வைத்தியர் இருந்தார். இன்றோ நிலைமை தலைகீழ். சுமப்பதற்கு வண்டியும் பயிற்சி பெற்ற ஊழியரும் ஆயத்தமாக இருக்கின்றனர். அழைப்பதா வேண்டாமா என்ற தீர்மானம், வைத்தியம் ஒன்றும் அறியாத வழிப்போக்கனின் தலையில் விழுகிறது.

அந்த வழிப்போக்கன் எதைக் கொண்டு தீர்மானிக்கிறான்? இரத்தத்தையும் கூக்குரலையும் கொண்டு. இவ்விரண்டையும்விடப் பொய்யான சாட்சிகள் இல்லை. நெற்றித் தோல் சிறிது கிழிந்தாலும் சட்டை நனையும். அழுத்திப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் நின்றுவிடும். தொடையெலும்பு முறிந்தவனுக்கோ வெளியில் ஒரு துளியும் தெரியாமலே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் தசைக்குள் கசியக்கூடும். வளர்ந்த மனிதனின் உடலில் உள்ளதே ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான். கையொடிந்தவன் ஊரைக் கூட்டுவான். வயிற்றில் கைப்பிடி இடித்து மண்ணீரல் கிழிந்தவன் ஓரமாக உட்கார்ந்து, "சற்றுக் களைப்பாக இருக்கிறது" என்பான். அவன் முகம் வெளுத்து, உடல் சில்லிட்டு வியர்த்து, நாடி விரைந்து ஓடுமானால், கூட்டத்தில் முதலில் வண்டி ஏற வேண்டியவன் அவனே.

பொதுக் கூட்டமும் ஊர்வலமும் நடத்தும் நண்பர்கள் இதனைக் குறிப்பாக மனத்தில் வைக்க வேண்டுகிறோம். 2025 செப்டம்பர் 27ஆம் தேதி கரூரில் அரசியல் கூட்டமொன்றின் நெரிசலில் 41 பேர் மாண்டனர். பொதுவாகவே நெரிசலில் சாகிறவர்களிற் பலர் மிதிபட்டுச் சாவதில்லை. மார்பு விரிய இடமின்றி, நின்ற நிலையிலேயே மூச்சு முட்டிச் சாகிறார்கள். மூச்சு முட்டுகிறவனால் கூவ முடியாது. ஆகவே தொண்டர்கள் கூவுகிறவனைத் தேடி ஓடுவதற்கு முன் பேசாதவனைத் தேட வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மூச்சு ஒழுங்காக வருகிறதா? கூப்பிட்டால் தெளிவாக விடை சொல்லுகிறானா? ஒரு நொடியேனும் நினைவு தப்பியதா? நின்றுபோன மூச்சுக்கு மூளை சில நிமிஷமே பொறுத்திருக்கும். அங்கே யோசனைக்கே இடமில்லை. தலையில் அடிபட்டவன் மறுபடி மறுபடி வாந்தியெடுத்தாலும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிந்தாலும், வலிப்புக் கண்டாலும் தாமதிக்கலாகாது. (வலிப்புக் கண்டவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் நம்மவர் வழக்கத்தால் சாவி சூடாவதன்றி வேறு பலன் உண்டென்று நாம் கேள்விப்பட்டதில்லை.) முதியோர், அதிலும் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்ளுகிறவர், சிறிய அடியையும் பெரிதாகவே கொள்ள வேண்டும்.

காயத்தைப் பார்ப்பதுபோலவே காயம் நேர்ந்த விதத்தையும் பார்க்க வேண்டும். பனையிலிருந்து விழுந்தவன், வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டவன், சக்கரத்தின் கீழ்ச் சிக்கியவன் ஆகியோர் நன்றாகப் பேசினாலும் நம்பலாகாது. கால் மரத்திருக்கிறது என்றோ கழுத்து வலிக்கிறது என்றோ அத்தகையவன் சொல்லிவிட்டால், அவனைத் தூக்கி நிறுத்துவதும் ஆட்டோவின் பின்னாசனத்தில் மடக்கித் திணிப்பதும் கருணையால் செய்யும் கொடுமை. முறிந்த முதுகெலும்பு அசைந்து உள்ளிருக்கும் நரம்புத் தண்டை நசுக்கிவிட்டால், பிழைத்தாலும் அவன் எழுந்து நடப்பது அரிது. தீயோ புகையோ வேறு அபாயமோ அருகில் இல்லாவிட்டால் விழுந்த இடத்திலேயே அசையாமல் வைத்து வண்டிக்குக் காத்திருப்பதே உசிதம். மின்சாரம் தாக்கியவனும் இவ்வகையைச் சேர்ந்தவன். கையில் மிளகளவு கருகல் தெரியும், உள்ளே இருதயத்தின் நடை தடுமாறிக் கொண்டிருக்கும். வண்டி வரும்வரை குடிக்க ஒன்றும் கொடாதிருத்தல் நலம். சோடா கொடுத்த குற்றவாளிகளில் நாமும் இருந்தோம் என்பதை மேலே ஒப்புக்கொண்டோம்.

எல்லாவற்றிற்கும் வண்டியை அழைப்பதும் முறையன்று. சுளுக்கிய கணுக்கால், அழுத்தினால் நிற்கும் வெட்டு, விரல் நுனிகள் வெதுவெதுப்பாகவும் உணர்ச்சியோடும் இருக்கும் சாதாரணக் கைமுறிவு ஆகியவற்றுக்கு உறவினர் ஒருவரும் ஓர் ஆட்டோவும் போதும். வண்டிகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஓரிடத்தில் வீணாக நிற்பது மற்றோரிடத்தில் வேண்டியிருக்கும். ஆனால் இந்த வாதத்தை நம்மவர்க்கு அழுத்திச் சொல்ல வேண்டிய தேவை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. நம்மவர் குறை அதிகமாக அழைப்பதன்று, அழைக்கக் கூசுவது. நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உரியது. தெருவில் அது காயம்பட்டவனுக்கு உரியது. 'பெரிய காயந்தான்' என்று அவன் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. 'சிறிய காயந்தான்' என்று நாம் நிச்சயமாகச் சொல்ல முடியாத போதெல்லாம் டெலிபோனை எடுக்கலாம். வந்த ஊழியர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பினால் நஷ்டம் அரை மணி நேரம். அன்று மாலை நாம் மிச்சப்படுத்தியதும் அந்த அரை மணி நேரத்தைத்தான்.

கூச்சத்தின் வேர் வைத்தியத்தில் இல்லை. சட்டத்தைப் பற்றிய அச்சத்தில் இருக்கிறது. "போலீஸ் கேஸ் ஆகிவிடும், சாட்சிக்கு இழுப்பார்கள்" என்ற பேச்சைக் கேளாத தெரு உண்டா? ஒரு காலத்தில் இந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மோட்டார் மோதி வீழ்ந்த ஸ்கூட்டர்க்காரர் ஒருவரை ஒரு நல்லவர் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றபோது, 'இது போலீஸ் சம்பந்தப்பட்ட காயம்' என்று சொல்லி இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியிலேயே உயிர் பிரிந்தது. பத்திரிகையில் வந்த இச்செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு பரமானந்த கட்டாரா என்பவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். (பத்திரிகைத் தொழிலால் யாதொரு பயனும் இல்லை என்பார் இதனைக் கவனிப்பாராக.) முதலில் உயிரைக் காப்பதே ஒவ்வொரு வைத்தியரின் கடமை, சட்டச் சடங்குகள் பிறகு என்று 1989இல் தீர்ப்பாயிற்று. அதன் பின்னரும், வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவரை 1992இல் பல சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இடமில்லையென்று திருப்பியனுப்பின. அவ்வழக்கில் 1996இல் சுப்ரீம் கோர்ட் 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னதோடு, தக்க கருவிகளும் ஊழியரும் உள்ள ஆம்புலன்ஸ் வண்டிகளுக்கும் மாகாண அளவில் ஒரு செய்தித் தொடர்பு அமைப்புக்கும் ஏற்பாடு வேண்டும் என்று கூறியது. அவ்வகை ஏற்பாடு 108 என்னும் எண்ணாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008 செப்டம்பரில்.

உதவி செய்தவனுடைய அச்சத்தைப் போக்கியது 2016 மார்ச்சு 30ஆம் தேதித் தீர்ப்பு. பின்னர் 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விபத்தில் அடிபட்டவனுக்கு நல்லெண்ணத்தோடு, பலன் கருதாது உதவுகிறவன்மீது, அவ்வுதவியில் தவறு நேர்ந்து அடிபட்டவன் இறந்தாலும், சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ இல்லை. அவன் தன் பெயரையும் விலாசத்தையும் சொல்லும்படி போலீஸாரோ ஆஸ்பத்திரியாரோ வற்புறுத்தலாகாது. ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு அவன் போகலாம். சாட்சியாக இருக்க இசைவது அவன் இஷ்டம். செலவைப் பற்றிய அச்சத்திற்கும் இடமில்லை. 108 வண்டிக்குக் கட்டணம் கிடையாது. சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வரம்புக்கு உட்பட்டு இலவசமாக்கும் திட்டம் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது; வேற்று மாகாணத்தாரும் அதில் அடங்குவர். சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. சட்டம் வந்த செய்திதான் தெருவுக்கு இன்னும் முழுவதும் வந்து சேரவில்லை.

அழைக்கும்போது சொல்ல வேண்டியவை சில. முதலில் இடம்: ஊர், தெரு, பக்கத்தில் கோயிலோ கடையோ பாலமோ உள்ள அடையாளம். அடுத்து எத்தனை பேருக்குக் காயம், நினைவு இருக்கிறதா, மூச்சு வருகிறதா என்பவை. எதிர்ப்புறத்தார் வைக்கும்வரை டெலிபோனை வைக்கலாகாது. வண்டி வருவதற்குள் செய்ய வேண்டியதை அவர்களே சொல்லுவார்கள். ஒருவரைச் சாலை முனைக்கு அனுப்பி வைப்பதும் நலம். இருபது பேர் கூடிய இடத்தில், 'வேறு யாராவது அழைத்திருப்பார்கள்' என்று இருபது பேரும் எண்ணுவது உலக இயல்பு. ஆகையால் ஒருவரைக் குறிப்பிட்டு, "நீர் அழையும்" என்று சொல்ல வேண்டும்.

நமது அன்பர் ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இடக்கை விரல்களில் மட்டும் பழைய வேகம் இல்லை. மாடிப்படியின் அருகே 108 என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொன்னோம். ஒட்டிய அன்று நமது மானேஜர், "அழைப்பதற்கு முன் யாரிடம் உத்தரவு பெற வேண்டும் என்றும் கீழே எழுதிவிடலாமா?" என்று கேட்டார். யாரிடமும் பெற வேண்டாம், நம்மிடம் முக்கியமாக வேண்டாம் என்று சொன்னோம். அதையும் எழுதி ஒட்டியிருக்கிறார்.