22.4-ஐ எப்போ பெருக்கணும், எப்போ பெருக்கக் கூடாது? – மாம்பழக் குடோனில் ஒரு மோல் கணக்கு

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடில் மோல் என்றால் என்ன என்று பார்த்தோம். இன்றைக்கு வாயுக்களின் பருமன். பத்தாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் நிறைய பேர் மார்க் விடுற இடம் இது. கணக்குக்கு நான் வெளியே எங்கேயும் போகப் போறதில்லை. நான் பேசுறது தேவதானப்பட்டியிலிருந்து. பெரியகுளம் பக்கம் மாம்பழ சீசன் வந்தா எல்லார் வாயிலும் வர்ற பேச்சு, "இது கல்லு வச்ச பழமா?" என்பதுதான். அந்தக் கல்லையே கணக்காப் போடுவோம்.

கல் என்பது கால்சியம் கார்பைடு. ஒரு கால்சியம், இரண்டு கார்பன். 40 + 24 = 64. ஆக 64 கிராம் என்பது ஒரு மோல். இது இரண்டு மோல் தண்ணீரோடு வினைபுரிந்து ஒரு மோல் அசிட்டிலீன் வாயுவையும் ஒரு மோல் கால்சியம் ஹைட்ராக்சைடையும் கொடுக்கும். வெல்டிங் பட்டறையில் எரியுதே, அதே அசிட்டிலீன்தான்.

பெட்டிக்குள்ள 10 கிராம் பொட்டலம் ஒன்று வைக்கிறாங்க என்று எடுத்துக்கோங்க. 10-ஐ 64-ஆல் வகுத்தா 0.156 மோல். சமன்பாட்டில் ஒன்றுக்கு ஒன்று என்பதால் அசிட்டிலீனும் 0.156 மோல். அதை 22.4-ஆல் பெருக்கினா 3.5 லிட்டர். இதுக்குத் தேவையான தண்ணீர் 0.312 மோல், அதாவது 5.6 கிராம்தான். காய் விடுற ஈரமே போதும்.

இங்கே இரண்டு இடத்தில் கவனம் வேணும்.

முதலாவது, தண்ணீரின் மோலை 22.4-ஆல் பெருக்கக் கூடாது. 22.4 லிட்டர் என்பது வாயுவுக்கு மட்டும். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். திரவமா இருக்கும்போது கிட்டத்தட்ட 18 மில்லிதான்.

இரண்டாவது, 22.4 என்பது திட்ட வெப்ப அழுத்த நிலைக்கான எண். அதாவது 0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தம். நம்ம ஊரில் எந்தக் குடோன் 0 டிகிரியில் இருக்கு? 30 டிகிரி என்றால் கெல்வினில் 303. 22.4-ஐ 303-ஆல் பெருக்கி 273-ஆல் வகுங்க: 24.9 லிட்டர். 20 டிகிரிக்கு இதே மாதிரி போட்டா 24 லிட்டர்.

இப்போ கணக்கைக் கொஞ்சம் பெரிசாக்குவோம். மூணு மீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள அறை. 27 கன மீட்டர், அதாவது 27,000 லிட்டர். மூடின அறையில் ஒரு கிலோ சுத்தமான கார்பைடு முழுசா நனைஞ்சா 15.6 மோல் அசிட்டிலீன் வரும். 30 டிகிரியில் 389 லிட்டர். அறைக் காற்றில் சுமார் 1.4 சதவீதம். அசிட்டிலீன் காற்றில் 2.5 சதவீதம் வந்தாலே தீப்பற்றும். ஒன்றே முக்கால் கிலோ இருந்தா அந்த எல்லையைத் தொட்டுடும். இது போதாதென்று, கடையில் கிடைக்கிற கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் மாசுகள் இருக்கும். அவை ஆர்சீன், பாஸ்பீன் என்ற நச்சு வாயுக்களாக வெளியேறும். பழம் பழுக்க வைக்க கார்பைடைப் பயன்படுத்த இந்தியாவில் தடை இருப்பது இதனால்தான்.

அதுக்குப் பதிலா அனுமதிக்கப்பட்டது எத்திலீன் வாயு. பழம் தானாகவே உண்டாக்குற வாயு அது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் உச்ச வரம்பு 100 பிபிஎம்: பத்து லட்சம் லிட்டர் காற்றுக்கு 100 லிட்டர். அதே 27,000 லிட்டர் அறைக்கு எவ்வளவு? 2.7 லிட்டர். 20 டிகிரியில் 24-ஆல் வகுத்தா 0.1125 மோல். எத்திலீனின் மூலக்கூறு நிறை 28. பெருக்கினா 3.15 கிராம். ஒரு அறை முழுக்க இருக்கிற காய்க்கு மூணு கிராம் சொச்சம் வாயு!

எத்திலீனும் எரியும் வாயுதான். ஆனா அதுக்கு சுமார் 2.7 சதவீதம் சேரணும். அது 27,000 பிபிஎம். நாம விடுறது அதில் 270-இல் ஒரு பங்கு.

பிபிஎம்மை இப்படி நேரா லிட்டரில் எழுத முடிந்தது எப்படி? 1811-இல் அவகாட்ரோ சொன்னதுதான் காரணம். ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும். அதனால் பருமன் விகிதமும் மோல் விகிதமும் ஒன்றே.

பரீட்சையில் இந்த வரிசையை விடாதீங்க: கிராமை மோலாக்கு, சமன்பாட்டு விகிதத்தைப் பார், பொருள் வாயுதானா என்று கேள், வெப்பநிலையைப் பார், அப்புறம் பெருக்கு.

வீட்டுக் கணக்கு: 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறை. 20 டிகிரியில் 100 பிபிஎம் எத்திலீனுக்கு எத்தனை கிராம்? 4.2 வந்தா சரி. 3,600 மாதிரி ஏதாவது வந்தா, கன மீட்டரை லிட்டராக்கின இடத்தைத் திரும்பப் பாருங்க.

அடுத்த எபிசோடில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி.